படலையில் நிற்கும் தந்தை



திருகோணமலைச் சுவாமி மலையின் உச்சியில் கடலை நோக்கி நின்ற கற்றூண் ஒன்றைப் பற்றி நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் பிரான்சினா வான் றீடே என்னும் உயர்குடி நங்கையை மணம் புரிவதாக வாக்களித்த படை அதிகாரி ஒருவன், வாக்கை மறந்து தாயகம் திரும்பப் புறப்பட்டானாம். அவன் ஏறிய கப்பல் மலையைக் கடந்து செல்கையில், அவள் செங்குத்தான பாறையினின்று கடலிற் குதித்து உயிர் துறந்தாளாம். அவள் நினைவாகவே 1687 ஆம் ஆண்டைப் பொறித்து அத்தூணை நாட்டினராம். எமர்சன் டெனன்ட் எழுதி 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலிலும் இக்கதை உண்டு. ஆயின், அந்த நங்கை பாறையினின்று குதிக்கவுமில்லை, அதற்குப் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தாள் என்று பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அவ்வாறிருந்தும் மக்கள் கதையை விடுவதாயில்லை. கொடுத்த அன்பு திருப்பி எறியப்பட்டால் அதன் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று நம்புவது நமக்கு எளிதாயிருக்கின்றது போலும்.

மறுக்கப்பட்ட மனித அன்பு சில வேளை தன்னையே அழித்துக்கொள்கின்றது. எம்மவரிடையே அதனினும் அதிகமாகக் காணப்படுவது மற்றொரு வழி. "அவனைத் தலைமுழுகிவிட்டேன்" என்று சொல்லுகின்றோமே, அதுதான். செத்த வீட்டிற்குச் சென்று வந்தவர் தலைமுழுகுவது வழக்கம். உயிரோடிருக்கும் பிள்ளையை இறந்தவனாகக் கணக்கிட்டு, அவனுக்காகத் தலையில் நீரை ஊற்றிக்கொண்டு வீட்டிற்குள் செல்லுதல் எத்துணைக் கொடிய சொல்! வேற்று இனத்திலோ வேற்று மதத்திலோ திருமணம் செய்து வெளியேறிய மகளைப் பற்றியும், கனடாவுக்கோ சுவிசுக்கோ சென்றபின் பெற்றோரை மறந்த மகனைப் பற்றியும் இச்சொல்லைப் பங்குகளில் பலமுறை கேட்டிருக்கின்றேன். சொல்லுகின்றவர்களின் கண்கள் வேறொன்று கூறும். ஆயினும் படலை பூட்டப்பட்டுவிடுகின்றது.

கடவுளும் நம்மைத் தலைமுழுகிவிட்டார் என்ற அச்சம் நம்முள் பலருக்கு உண்டு. வெளியிலே சொல்லமாட்டோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள், திருக்குடும்ப விழா ஞாயிறன்று, ஆழிப்பேரலை எம் கரையோரங்களை அள்ளிச் சென்ற பின்னர், "என்ன பாவத்திற்கு இந்தத் தண்டனை, சுவாமி?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றதையும் சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டதையும் குறித்துப் பேசிய இயேசு, மாண்டவர்கள் மற்றவர்களிலும் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை மறுத்துரைத்தார் (லூக் 13:1-5). அதே அதிகாரம் எங்கே சென்று முடிகின்றது என்பதைக் கவனியுங்கள். தம்மை மறுத்த எருசலேமுக்காக அவர் புலம்புவதோடு முடிகின்றது (13:34-35).

இந்தப் புலம்பலின் வேரைப் பழைய ஏற்பாட்டிலே தேடினால், இறைவாக்கினர் ஓசேயாவிடம் வந்து சேருகின்றோம். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், வடநாடாகிய இஸ்ரயேலில் வாழ்ந்தவர் அவர். தம் நூலின் 11 ஆம் அதிகாரத்தில் கடவுளைத் தகப்பனாக நம்முன் நிறுத்துகின்றார். பிள்ளையை எகிப்திலிருந்து அழைத்து வந்து, கையைப் பிடித்து நடை பழக்கி, கன்னத்தோடு அணைத்து, குனிந்து உணவூட்டிய தகப்பன் அவர். அழைக்க அழைக்கப் பிள்ளை விலகி ஓடுகின்றான். வேறு தெய்வங்களுக்குத் தூபம் காட்டுகின்றான்.

இத்தகைய பிள்ளையை என்ன செய்வது என்பதற்குச் சட்டம் இருந்தது. அடங்காத மகனைப் பெற்றோரே பிடித்து, நகர வாயிலிலே மூப்பர்கள் முன் நிறுத்த வேண்டும். நகரத்தார் அவனைக் கல்லால் எறிந்து கொல்ல வேண்டும் (இச 21:18-21). ஓசேயாவின் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்து வரப்போவது இத்தீர்ப்புத்தான் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆனால் தகப்பனின் பேச்சு இடையிலே உடைகின்றது. உன்னை எவ்வாறு கைவிடுவேன், அதிமாவைப் போலவும் செபோயிமைப் போலவும் உன்னை எவ்வாறு ஆக்குவேன் என்று தம்மையே கேட்டுத் தவிக்கின்றார். அவ்விரண்டும் சோதோமோடு அழிக்கப்பட்ட நகரங்கள். தொடக்க நூல் சோதோமின் அழிவைச் சொல்லும்போது, 'கவிழ்த்துப் போடுதல்' என்ற பொருளுடைய எபிரேய வினைச்சொல்லை ஆளுகின்றது (19:25). ஓசேயா அதே சொல்லை எடுக்கின்றார். ஆனால் நகரத்தின் மீது அதை ஏவவில்லை. கடவுளின் இதயம் அவருக்குள்ளேயே கவிழ்கின்றது என்கின்றார் (ஓசே 11:8). பிள்ளைமேல் விழ வேண்டிய அழிவு தகப்பனின் நெஞ்சுக்குள் விழுகின்றது. இவ்வசனத்தை விரைந்து வாசித்துக் கடந்துவிடாதீர்கள். கல்வாரி மலை இங்கேயே கண்ணிற் படத் தொடங்குகின்றது.

இவ்வாறு இரங்குவதற்கு அவர் கூறும் காரணமும் விந்தையானது. தாம் மனிதரல்ல, கடவுள் என்பதே அக்காரணம் (11:9). நாமானால் மாறாகவே சொல்லியிருப்போம். மனிதன் என்றால் மனம் இளகுவான், கடவுளோ நீதி தவறார் என்றிருப்போம். ஓசேயாவின் கடவுளோ, தலைமுழுகுதல் மனிதரின் வழி, எனது வழி அதுவன்று என்கின்றார்.

கடவுளுக்குத் துயரம் உண்டா என்று மறைக்கல்வியை நன்கு கற்ற சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கடவுள் நிறைவே உருவானவர், மாற்றம் அடையாதவர், வெளியிலிருந்து எவரும் அவரைக் காயப்படுத்தி அவரிடமிருந்து எதையும் பறித்துவிட முடியாது. இது திருச்சபையின் உறுதியான போதனை. ஆயினும் மூன்றாம் நூற்றாண்டின் ஒரிஜன் தொடக்கம் அன்பினாலாகும் துயரைப் பற்றி ஆசிரியர்கள் துணிந்து பேசியிருக்கின்றனர். கடவுள் துன்புற இயலாதவராயினும் நம்மோடு இணைந்து துன்புற இயலாதவர் அல்லர் என்பது புனித பெர்னார்துவின் கருத்து. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 இல் தூய ஆவியாரைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், குறைவினாலோ காயத்தினாலோ வரும் நோவு கடவுளில் இல்லை என்பதை உறுதி செய்தபின், மனிதரின் பாவத்தின் முன்னே தந்தையின் அன்பு அவரது ஆழத்தில் கொள்ளும் வேதனையை விவிலியம் பேசுகின்றது என்று விளக்கினார். நம்முடைய துயரம் பெரும்பாலும் நாம் எதையோ இழந்ததால் வருவது. அவருடையதோ, இழக்கப்போகின்றவர்கள் நாம் என்பதால் வருவது.

இனி, அத்துயரம் கண்ணீராய் வழிந்த இடத்திற்குச் செல்வோம்.

குருத்து ஞாயிறன்று நாம் குருத்தோலை ஏந்திப் பாடிக்கொண்டு ஆலயத்தைச் சுற்றி வருகின்றோம். லூக்கா நற்செய்தி வாசிக்கப்படும் மூன்றாம் ஆண்டில், பவனிக்குரிய வாசகம் 19 ஆம் அதிகாரத்தின் 40 ஆம் வசனத்தோடு நின்றுவிடும். அடுத்த வசனத்திலேதான் இயேசு அழுகின்றார். ஆண்டின் இறுதியில், பொதுக்காலம் 33 ஆம் வாரத்து வியாழக்கிழமைத் திருப்பலியில் அப்பகுதி வாசிக்கப்படுகின்றது; அன்று ஆலயத்தில் எத்தனை பேர் இருப்பர் என்பதை நீங்களே அறிவீர்கள். ஊரே பாடிக்கொண்டு வருகையில் அவர் ஒருவர் மட்டும் அழுதார் என்பது அதனால் நம்முள் பலருக்குத் தெரியாமலே போகின்றது. இலாசரின் கல்லறையருகே இயேசு அழுததை யோவான் குறிப்பிடும்போது, கண்ணீர் வழிந்தது என்ற அளவில் நிற்கும் கிரேக்கச் சொல்லை எழுதினார். லூக்கா இங்கே எழுதிய சொல் வேறு. செத்த வீட்டிலே வாய்விட்டு அழுவதைக் குறிக்கும் சொல் அது. நண்பனின் கல்லறையில் கண்ணீர் விட்டவர், தம்மை மறுத்த நகரத்தைக் கண்டபோது குரலெடுத்து அழுதார்.

அவர் அழுததை நினைவுகூரும் சிற்றாலயம் ஒலிவ மலைச் சரிவில் இருக்கின்றது. கண்ணீர்த் துளியின் வடிவை ஒட்டிக் கட்டடக் கலைஞர் பர்லூசி அமைத்த அவ்வாலயம் 1955 இல் நிறைவுற்றது. பீடத்தின் முகப்பிலே, சிறகுகளை விரித்துக் குஞ்சுகளை அணைத்த கோழியின் உருவம் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றது. சிங்கத்தையோ கழுகையோ கொண்டு தம்மை உவமிக்காமல் முற்றத்துக் கோழியைக் கொண்டு உவமித்தாரே (மத் 23:37)! பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் கோழி எழுப்பும் குரலை எம் ஊர்ப் பிள்ளைகளும் அறிவர். கோழிக்குக் கூரிய நகமில்லை. பருந்தோடு பொருத வலுவில்லை. தன் உடலைக் குஞ்சுகளுக்கும் பருந்துக்கும் இடையே வைக்க மட்டும் அதற்குத் தெரியும். ஆனால் குஞ்சு வரவேண்டும்.

அங்கேதான் இயேசுவின் புலம்பல் தொண்டையில் அடைத்துக்கொள்கின்றது. அவர் விரும்பினார், அவர்கள் விரும்பவில்லை. செல்வரான மனிதர் ஒருவர் முகம் வாடித் திரும்பிச் சென்றபோதும் அப்படியே நடந்தது. இயேசு அவரை உற்றுநோக்கி அன்புகொண்டார் என்று மாற்கு எழுதுகின்றார் (10:21). அன்புகொண்டவர் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. கேட்டதைக் குறைத்துப் பேரம் பேசவுமில்லை. போகவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடவுளின் பொறுமையைத் துறைமுகத்திற்கு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்வது எம் பகுதிக் குருக்களுக்கு இயல்பு. எப்புயலிலும் கப்பல்களை ஏற்கும் ஆழமான இயற்கைத் துறைமுகம் நமக்குக் கண்முன்னே கிடக்கின்றதல்லவா! அவ்வொப்புமை எனக்குப் பாதியளவே நிறைவு தருகின்றது. துறைமுகம் கிடந்த இடத்திலே கிடக்கும். கப்பலைக் கொண்டுவர வேண்டுமாயின், நீர்வழி அறிந்த பைலட் சிறுபடகில் வெளிக்கடலுக்குச் சென்று, அலையில் ஆடும் கப்பலின் கயிற்றேணியைப் பற்றி ஏறவேண்டும். ஏணியைக் கப்பலில் இருப்பவர்களே கீழே விட வேண்டும். நம் ஆண்டவர் அந்தப் பைலட்டுக்கே அதிகம் ஒப்பானவர்.

எருசலேமைப் பார்த்து அவர் சொன்னது, அமைதிக்குரிய வழியை அந்நகர் அறியவில்லையே என்பது (லூக் 19:42). உவர்மலையில் நின்று நம் நகரைப் பார்க்கின்ற எவருக்கும் அச்சொல் காதில் விழாமற் போகாது. 2006 ஜனவரி 2 ஆம் நாள் மாலை, கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019 இல் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஏப்ரல் 12 இல் சந்தையில் குண்டு வெடித்தது, தொடர்ந்த வன்செயலில் கடைகள் எரிந்தன, மூவினத்தவரும் மாண்டனர். அந்நாட்களில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்போருக்கு, உவர்மலையில் அழுதுகொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. அது போதாத விடை என்று பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சொன்னால், அவளோடு வாதிட மாட்டேன்.

வாசகர்களே, இனி நான் சொல்லப்போவது சிறிது கசக்கலாம். கடவுளின் அன்பை மறுப்போர் என்றவுடன் நம் எண்ணம் எங்கே செல்கின்றது? கோயிலுக்குப் போகும் அயலவரை, பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் போகும் அயலவரை, அல்லது கடவுளே இல்லை என்பவரை நினைக்கின்றோம். விவிலியமோ அவர்களைச் சுட்டவில்லை. ஓசேயாவின் கடவுள் துயருற்றது தாம் நடை பழக்கிய பிள்ளைக்காக. இயேசு அழுதது தம் தந்தையின் இல்லம் அமைந்திருந்த நகருக்காக. காணிக்கை செலுத்தி, நோன்பிருந்து, திருப்பாடல் பாடி வந்தவர்களே அவரை மறுத்தவர்கள்.

இங்கே சுவாமி மலைத் தூணை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கின்றது. அது பழைய கோணேசர் ஆலயத்தின் தூண் என்பர். 1620 களில் போர்த்துக்கேயர், கொன்ஸ்தந்தீனு தெ சா தளபதியாயிருந்த காலத்தில், அவ்வாலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்குவது அவ்விடத்தில் வளர்ந்ததே. அவர்கள் சிலுவையைச் சுமந்து வந்தவர்கள், திருமுழுக்குப் பெற்றவர்கள், திருப்பலி கண்டவர்கள். அன்று கிறிஸ்துவின் அன்பை மறுத்தவர் யார்? ஆலயத்தை இழந்து அழுதவரா, அவர் பெயரைச் சொல்லி இடித்தவரா? 2000 மார்ச் 12, தவக்காலத்து முதல் ஞாயிறன்று, இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் பிற பண்பாடுகளையும் சமயங்களையும் இழிவுசெய்த கிறிஸ்தவர்களின் பாவங்களுக்காக இறைவனிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். எமது கோட்டைக் கற்களும் அம்மன்றாட்டில் அடங்கும் என்றே நான் எண்ணுகின்றேன்.

நம் இல்லங்களுக்கு வருவோம். விறாந்தையைக் கடந்து உள்ளே சென்றால் சுவரிலே இயேசுவின் திரு இருதயப் படம். அதன் முன்னே சிறு சிவப்பு விளக்கு. பிரான்சின் பரே-லெ-மோனியால் மடத்தில், 1675 ஜூன் மாதம், புனித மார்கரீத் மரியாளுக்கு அவ்விருதயம் காண்பிக்கப்பட்டது. அவருக்கு வழிகாட்டிய புனித குளோத் தெ லா கொலொம்பியேர் யேசு சபைக் குரு. அச்சபையின் பிரெஞ்சுத் துறவிகளே, 1893 இல் எம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, இக்கரையில் பணியாற்ற வந்தனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2024 அக்டோபரில் இதே இருதயத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதிச் சென்றார். அக்காட்சியில் ஆண்டவர் முறையிட்டது என்ன? தம் அன்புக்குப் பலரிடமிருந்து கிடைப்பது நன்றியின்மையே என்றார். அதனினும் தம்மை அதிகம் நோகச் செய்வது, தமக்கென அர்ப்பணிக்கப்பட்ட இதயங்களே அவ்வாறு செய்வதுதான் என்றார். அர்ப்பணிக்கப்பட்ட இதயங்கள் யாருடையவை? குருக்களாகிய எங்களுடையவை முதலில். பின்னர், குடும்பத்தை அவ்விருதயத்திற்கு அர்ப்பணித்து, அப்படத்தை மாட்டியிருக்கும் உங்களுடையவை.

அந்த விளக்கின் அடியிலே நடப்பவற்றை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றது. எல்லைக் கதியால் அரையடி தள்ளி நடப்பட்டதற்காகப் பத்து ஆண்டுகள் பேசாதிருக்கும் சகோதரர்கள், நற்கருணை வாங்க ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கின்றனர். சீதனத்தில் குறைந்ததற்காக மருமகளை நாள்தோறும் குத்திக் காட்டும் வாய், மாலையில் செபமாலை சொல்லுகின்றது. ஒப்புரவுத் திருவருட்சாதனத்திற்கு வந்து ஆண்டுகள் பலவாயின. வராததற்குக் காரணம் கேட்டால், பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லையே சுவாமி என்ற விடை. மறுப்பு எப்போதும் முகத்திலடித்தாற்போல வருவதில்லை. பெரும்பாலும் மரியாதையாகவே வருகின்றது.

வேறொரு பக்கத்திலிருந்து இதை வாசிக்கும் தாய்மாரையும் தந்தையரையும் மறந்துவிடவில்லை. பிள்ளை விசுவாசத்தை விட்டான், அல்லது வீட்டை விட்டான், அல்லது இரண்டையும் விட்டான் என்று அழுகின்றீர்கள். எங்கே தவறினோம் என்று இரவெல்லாம் கணக்குப் பார்க்கின்றீர்கள். புனித மோனிக்காவும் அவ்வாறே பல்லாண்டுகள் அழுதார், 387 இல் மகன் அகுஸ்தீன் மிலானில் திருமுழுக்குப் பெற்றதைக் கண்டார், அவ்வாண்டிலேயே இறந்தார். எல்லாத் தாய்மாருக்கும் அந்நாள் இவ்வுலகில் வாய்க்கும் என்று உறுதி கூற எனக்கு உரிமையில்லை. கடவுளுக்கே இல்லையென்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. இறுதிவரை இல்லையென்று சொல்லிவிடும் பயங்கரமான சுதந்திரமும் நமக்கு உண்டு என்று திருச்சபை போதிக்கின்றது. ஆயின், பிள்ளை போய்விட்டான் என்பதனால் நீங்கள் கெட்ட பெற்றோர் என்றாகிவிடாது. அப்படியானால் ஓசேயாவின் தகப்பனைப் பற்றி என்ன சொல்வது? நீங்கள் அழும்போது அவர் அழுகையின் அருகிலேயே அமர்ந்திருக்கின்றீர்கள். படலையைப் பூட்டாதிருங்கள். பிறந்தநாளுக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போகட்டும். பதில் வராவிட்டாலும் போகட்டும். விசுவாசத்தைப் பற்றி ஒவ்வொரு அழைப்பிலும் பிரசங்கம் செய்யாதீர்கள். அதை நாங்கள் ஞாயிறுதோறும் போதுமான அளவு செய்கின்றோம்.

ஊதாரி மைந்தனின் உவமையில் தந்தை இளைய மகனைக் கண்டு ஓடிச் சென்றதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றோம். அன்றே அவர் இரண்டாம் முறையும் வீட்டை விட்டு வெளியே வந்தார் (லூக் 15:28). இம்முறை, ஒரு நாளும் வீட்டை விட்டுப் போகாத மூத்தவனுக்காக. வயலிலிருந்து திரும்பியவன் ஆடல் பாடல் ஒலியைக் கேட்டான்; காரணத்தை ஊழியன் ஒருவனிடம் விசாரித்தான்; தம்பி வந்திருக்கின்றான் என்று அறிந்ததும் உள்ளே செல்ல மறுத்துவிட்டான். விருந்தினர் நிறைந்த வீட்டில், பந்தியை விட்டு எழுந்து, ஊரார் பார்க்க, தகப்பன் வெளியே சென்று மகனைக் கெஞ்சிக்கொண்டு நிற்கின்றார். மகன் 'தம்பி' என்று சொல்லவும் மனமின்றி 'உம்முடைய மகன்' என்கின்றான். தகப்பனோ அவனை 'மகனே' என்றே அழைக்கின்றார்.

மூத்தவன் உள்ளே சென்றானா? லூக்கா எழுதவில்லை. உள்ளே பாட்டு இன்னும் நிற்கவில்லை. தகப்பனும் இன்னும் பந்திக்குத் திரும்பவில்லை.